லியர்ஜெட் 23 உருவான வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லியர்ஜெட் 23 எப்படிப்பட்ட விமானம்?

1963 அக்டோபர் 7 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், விச்சிட்டா நகரில் முதன்முதலாகப் பறந்த சிறிய இரட்டை எஞ்சின் ஜெட். இரண்டு விமானிகள், ஐந்தாறு பயணிகள். நீளம் 13.18 மீட்டர். இறக்கை முனைக்கு முனை 10.84 மீட்டர். உயரம் 3.84 மீட்டர். உச்ச வேகம் மணிக்கு சுமார் 900 கி.மீ. புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை 12,500 பவுண்டு, அதாவது 5,670 கிலோ. இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இந்த விமானத்தின் விலை, வேகம், விற்பனை, பின்னால் வந்த தொல்லைகள் என எதைத் தொட்டாலும் அங்கேதான் போய் நிற்கும்.

உலகின் முதல் பிசினஸ் ஜெட் இதுதானா?

இல்லை. பலரும் அப்படி எழுதுகிறார்கள், ஆனால் தேதிகள் வேறு சொல்கின்றன. பிரான்சின் மொரான்-சோல்னியே பாரிஸ் 1954-லேயே பறந்துவிட்டது. அதில் நான்கு பேர் உட்காரலாம், ஆனால் அது ராணுவப் பயிற்சி விமானத்தின் சாயலிலேயே இருந்தது. லாக்ஹீட் ஜெட்ஸ்டார் 1957 செப்டம்பரிலும், நார்த் அமெரிக்கன் சேபர்லைனர் 1958 செப்டம்பரிலும் பறந்தன. இவை இரண்டும் அமெரிக்க விமானப்படையின் தேவையைக் கருதி வடிவமைக்கப்பட்டு, பிறகு நிறுவனங்களுக்கும் விற்கப்பட்டவை. பிரிட்டனின் டி ஹாவிலண்ட் 125 1962-லும், பிரான்சின் டசோ மிஸ்டேர் 20 1963 மே மாதத்திலும் வானேறின.

லியர்ஜெட் 23-க்கு உரிய பெருமை வேறு. ராணுவத்தின் ஆர்டரை எதிர்பார்க்காமல், தனியார் வாங்குவோரை மட்டுமே நம்பி, சிறிய அளவில், எட்டக்கூடிய விலையில் வடிவமைத்துப் பெரிய எண்ணிக்கையில் விற்றுக் காட்டிய ஜெட் அது. ஜெட்ஸ்டார் வாங்கப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வேண்டியிருந்தது. லியர்ஜெட்டின் ஆரம்ப விலையோ ஆறு லட்சம் டாலருக்குள் அடங்கியது.

லியர்ஜெட்டை உருவாக்கிய பில் லியர் விமானப் பொறியாளரா?

முறையாகப் படித்தவர் இல்லை. வில்லியம் பவல் லியர் 1902-இல் மிசௌரி மாநிலம் ஹானிபலில் பிறந்தார். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். கார் ரேடியோ உருவான ஆரம்ப நாட்களில் அதில் வேலை செய்தார். பிறகு விமான ரேடியோ, திசைகாட்டும் கருவிகள், ஆட்டோபைலட் என்று மின்னணுப் பக்கமே இருந்தார். ஜெட் போர் விமானங்களுக்கான ஆட்டோபைலட்டுக்காக அமெரிக்க விமானத் துறையின் உயரிய பரிசான காலியர் விருதை 1949-ஆம் ஆண்டுக்குப் பெற்றார்.

ஐம்பதுகளில் பழைய லாக்ஹீட் லோட்ஸ்டார் விமானங்களை வாங்கி, உடலைச் செதுக்கி, வேகத்தைக் கூட்டி 'லியர்ஸ்டார்' என்ற பெயரில் நிறுவனங்களுக்கு விற்றார். அந்த வியாபாரம் அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: நிறுவனத் தலைவர்கள் வேகத்துக்குப் பணம் கொடுப்பார்கள். ஒரு சிறிய ஜெட்டுக்குச் சந்தை இருக்கிறது என்ற அவரது நம்பிக்கை இந்த அனுபவத்திலிருந்து வந்தது.

அவரது சொந்த நிறுவனமான லியர் இன்கார்ப்பரேட்டட்டின் இயக்குநர் குழு இந்தத் திட்டத்தில் இறங்க மறுத்தது. 1962-இல் தன் பங்குகளை சீக்லர் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தை ஜெட்டில் போட்டார்.

இது சுவிஸ் போர் விமானத்தின் நகல் என்று சொல்கிறார்களே?

பாதி உண்மை. சுவிட்சர்லாந்தின் ஆல்டன்ரைன் நகரில் இருந்த எஃப்.எஃப்.ஏ. நிறுவனம் பி-16 என்ற தரைத்தாக்குதல் ஜெட்டை உருவாக்கியது. 1955 ஏப்ரல் 28 அன்று முதலில் பறந்தது. மலைகளுக்கு நடுவே, குட்டையான ஓடுபாதைகளில் ஏறி இறங்க வேண்டும் என்பது தேவை. அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் விமானம் கான்ஸ்டன்ஸ் ஏரியில் விழுந்தது. விமானி இருக்கையோடு வெளியேறித் தப்பினார். இருந்தும் 1958-இல் சுவிஸ் அரசு 100 விமானங்களுக்கு இசைவு தந்தது. கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள், மார்ச் 25 அன்று மூன்றாவது விமானமும் விழுந்தது. ஆர்டர் ரத்தானது. விமானப்படைக்குப் பிரிட்டிஷ் ஹண்டர் போர் விமானங்கள் வந்தன. மொத்தம் ஐந்தே பி-16-கள் கட்டப்பட்டன.

வேலையற்றுக் கிடந்த அந்த அறிவு லியரின் கண்ணில் பட்டது. 1960-இல் சுவிஸ் அமெரிக்கன் ஏவியேஷன் கார்ப்பரேஷனைத் தொடங்கினார். பி-16-ஐ வடிவமைத்த ஹான்ஸ்-லூட்சியஸ் ஸ்டூடர் புதிய விமானத்தின் ஆரம்ப வரைபடங்களில் பங்கேற்றார். திட்டத்தின் பெயர் எஸ்.ஏ.ஏ.சி-23. லியர்ஜெட்டின் '23' அங்கிருந்து வந்ததுதான்.

பி-16-இலிருந்து உண்மையில் எது வந்தது, எது வரவில்லை?

இறக்கையின் அடிப்படை வந்தது. மெல்லிய, அதிகம் பின்சாயாத இறக்கை. ஒன்றிரண்டு தடித்த குறுக்குத் தண்டுகளுக்குப் பதிலாகப் பல மெல்லிய தண்டுகள், லியர்ஜெட்டில் எட்டு. ஒன்றில் விரிசல் விட்டாலும் மற்றவை சுமையைப் பகிர்ந்துகொள்ளும். கூட்டு வலிமை மிகவும் அதிகம் என்பதால்தான், பிற்காலத்தில் உடலை நீட்டி, எடையைக் கூட்டி, எஞ்சினை மாற்றியபோதும் இந்த இறக்கையின் வழிவந்தவையே தாங்கின.

இறக்கை முனைகளில் நிரந்தரமாக ஒட்டியிருக்கும் எரிபொருள் தொட்டிகளும் அங்கிருந்து வந்தவை. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையப் பார்க்கும். முனையில் உள்ள எரிபொருளின் எடை அதைக் கீழே இழுத்துப் பிடிப்பதால், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் விழும் விசை குறைகிறது. அதாவது கட்டமைப்பின் எடையும் குறைகிறது.

உடல், வால், எஞ்சின் வைக்கும் இடம், கேபின், கதவு எல்லாம் புதியவை. பி-16-இல் ஒரே ஒரு பெரிய சஃபயர் எஞ்சின் உடலுக்குள் இருந்தது. லியர்ஜெட்டில் இரண்டு சிறிய எஞ்சின்கள் பின்புறப் பக்கவாட்டில் தொங்குகின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இறக்கையைத் தவிர வேறு உறவு தெரியாது.

திட்டம் ஏன் சுவிட்சர்லாந்திலிருந்து விச்சிட்டாவுக்கு மாறியது?

வேகம் போதவில்லை. ஐரோப்பாவில் பாகங்களைப் பல நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுத்து வாங்கும் ஏற்பாடு. அச்சுகளும் தாங்கிகளும் வருவதற்கே தாமதமாயிற்று. வாங்கப்போகிறவர்களோ பெரும்பாலும் அமெரிக்கர்கள். பறக்கத் தகுதியானது என்ற அரசுச் சான்றும் அமெரிக்க விதிப்படிதான் வேண்டும். 1962-இல் லியர் எல்லாவற்றையும் மூட்டை கட்டினார்.

விச்சிட்டாவில் செஸ்னா, பீச், போயிங் மூன்றும் ஏற்கெனவே இருந்தன. உலோகத் தகட்டு வேலை தெரிந்தவர்கள், ரிவெட் அடிப்பவர்கள், கருவி செய்பவர்கள் என ஊர் முழுக்க ஆள் கிடைத்தது. நகர நிர்வாகமும் தொழிற்கடன் பத்திரங்கள் மூலம் உதவியது. விமான நிலையத்தை ஒட்டியே தொழிற்சாலை எழுந்தது.

12,500 பவுண்டு என்ற எல்லை ஏன் அவ்வளவு முக்கியம்?

அன்றைய அமெரிக்க விதிகளில் இரண்டு வழிகள் இருந்தன. 12,500 பவுண்டுக்கு உட்பட்ட விமானங்களுக்குச் சிறு விமானங்களுக்கான சி.ஏ.ஆர். 3 (சி.ஏ.ஆர். என்பது சிவில் விமான விதித்தொகுப்பு). அதற்கு மேற்பட்டவற்றுக்குப் பயணிகள் விமானங்களுக்கான சி.ஏ.ஆர். 4பி. இரண்டாவது வழி நீண்டது, செலவு மிக்கது. புறப்படும்போது ஒரு எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு எடைக்கும் வெப்பநிலைக்கும் ஓடுபாதை நீளத்துக்கும் கணக்கிட்டு நிரூபிக்க வேண்டும். கண்ணாடி பறவை மோதலைத் தாங்க வேண்டும். ஒரு அமைப்பு செயலிழந்தால் அதற்கு மாற்றாக இன்னொன்று இருக்க வேண்டும்.

லியர் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தார். மணிக்கு 900 கி.மீ. போகும் ஜெட் ஒன்றை, புரொப்பெல்லர் விமானங்களை எண்ணி எழுதிய விதியின் கீழ் கொண்டுவந்தார். விதியில் ஜெட்டுக்குப் பொருந்தாத இடங்களை அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. தனி நிபந்தனைகள் சேர்த்து அடைத்தது. ஆனாலும் சோதனை எண்ணிக்கை, ஆவணங்கள், காலம் எல்லாம் பெருமளவு மிச்சம்.

அதற்கு ஈடாக எடையில் கடும் சிக்கனம் பிடிக்க வேண்டியிருந்தது. வடிவமைப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் பவுண்டு பவுண்டாகக் கழிக்க வேண்டியிருந்தது. கேபினைக் குட்டையாக்கினார்கள். கழிவறையை ஒரு இருக்கைக்கு அடியில் ஒளித்தார்கள். எரிபொருளை முழுக்க நிரப்பினால் எல்லா இருக்கைகளிலும் ஆள் ஏற்ற முடியாது. எல்லா இருக்கைகளையும் நிரப்பினால் தூரம் குறையும். விற்பனைத் தாளில் உள்ள சுமார் 2,900 கி.மீ. தூரத்தையும் முழுப் பயணிகள் எண்ணிக்கையையும் ஒரே பயணத்தில் எதிர்பார்க்கக் கூடாது. பழைய விளம்பரங்களைப் படிக்கிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

எந்த எஞ்சின்? அதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

ஜெனரல் எலெக்ட்ரிக் சிஜே610-1, இரண்டு. ஒவ்வொன்றும் 2,850 பவுண்டு உந்துவிசை தருவது. ராணுவ ஜே85 எஞ்சினின் சிவில் வடிவம், வெளியேறும் காற்றில் மறுபடி எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் பின்னெரிப்பான் கிடையாது. ஜே85 முதலில் குண்டுவீச்சு விமானத்திலிருந்து ஏவப்படும் ஏமாற்று ஏவுகணைக்காகப் பிறந்து, பிறகு டி-38 பயிற்சி ஜெட்டில் பேர் பெற்றது. எட்டு அடுக்கு அழுத்தி, இரண்டு அடுக்கு டர்பைன். ஒரு எஞ்சினின் எடை சுமார் 400 பவுண்டுதான். தன் எடையைப் போல ஏழு மடங்கு தள்ளும் எஞ்சின் அன்று சிவில் சந்தையில் அரிது. எடைக்கு இவ்வளவு பயந்த ஒரு திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைத்திருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து 5,700 பவுண்டு. விமானம் 12,500 பவுண்டு. எடையில் 45 சதவீதத்துக்கு மேல் உந்துவிசை. நிமிடத்துக்கு 6,900 அடி ஏற்றம் என்பது அன்றைய போர் விமானிகளுக்கே பழகிய எண். ஏரோ கமாண்டர் நிறுவனத்தின் ஜெட் கமாண்டரும் இதே எஞ்சினைத்தான் பயன்படுத்தியது. ஆனால் அதன் எடை 16,000 பவுண்டைத் தாண்டியதால் அந்தத் துள்ளல் அதற்கு வரவில்லை.

குறை இரண்டு. முதலாவது பசி: ஒரு பவுண்டு உந்துவிசைக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு எரிபொருள். தாழ்வாகப் பறந்தால் தொட்டி கண்ணெதிரே காலியாகும். 40,000 அடிக்கு ஏறினால்தான் கட்டுபடியாகும். இரண்டாவது சத்தம்: விசிறி இல்லாத தூய டர்போஜெட் என்பதால், சிறிய வாய் வழியே அதிவேகமாகச் சீறும் காற்று காதைக் கிழிக்கும்.

முன்மாதிரி இல்லாமலே உற்பத்திக்குப் போனார்கள் என்பது சரியா?

முதல் விமானம் ஒன்று இருந்தது. ஆனால் அது வழக்கம்போலக் கையால் தட்டி ஒட்டிய முன்மாதிரி இல்லை. தொடர் உற்பத்திக்கான அச்சுகளை முதலிலேயே செய்து, அவற்றைக் கொண்டே முதல் விமானத்தையும் கட்டினார்கள். சோதனையில் பெரிய மாற்றம் தேவைப்பட்டால் விலையுயர்ந்த அச்சுகள் எல்லாம் பழைய இரும்பாகியிருக்கும். பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இங்கே பி-16-இன் உதவி மறைமுகமானது. காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்று ஏற்கெனவே தெரிந்த இறக்கை அது. ஒரு புதிய விமானத்தில் மிகவும் சந்தேகத்துக்குரிய பகுதி அதுதான். அதனால் துணிச்சலுக்கு ஒரு அடிப்படை இருந்தது. சூதாட்டம் பலித்ததால் சான்று கிடைத்தவுடன் விமானங்கள் வரிசையாக வெளிவந்தன.

முதல் விமானம் சோதனையின்போது விழுந்ததாமே, என்ன நடந்தது?

1963 அக்டோபர் 7 அன்று சோதனை விமானிகள் ஹாங்க் பேர்டும் பாப் ஹேகனும் ஓட்டிய, என்801எல் என்ற பதிவெண் கொண்ட அதே விமானம்தான் விழுந்தது. 1964 ஜூன் 4 அன்று எஃப்.ஏ.ஏ. விமானி ஒருவர் கட்டுப்பாட்டில் இருந்தார். ஒரு எஞ்சின் நின்றதாகப் பாவித்துப் புறப்பட்டுப் பார்க்கும் சோதனை. இறக்கையின் மேற்பரப்பில் உள்ள ஸ்பாய்லர் தகடுகள் விரிந்தபடியே இருந்தன, மடக்கப்படவில்லை.

ஸ்பாய்லர் என்பது தரையிறங்கிய பின் இறக்கையின் தூக்குவிசையைக் கொல்வதற்காக எழும்பும் தகடு. அது எழும்பியிருக்க, ஒரு எஞ்சினின் உந்துவிசையும் குறைந்திருக்க, விமானம் தரையை விட்டு எழுந்தாலும் ஏற முடியாது. ஓடுபாதையைத் தாண்டி வயலில் அமர்ந்தது. உள்ளே இருந்தவர்கள் காயமின்றி வெளியேறினார்கள். பிறகு தீப்பிடித்து விமானம் எரிந்துபோனது.

இது திட்டத்தை முடித்திருக்க வேண்டும். நடந்தது எதிர்மாறு. காரணம் விமானத்தின் குறை இல்லை என்று தெளிவானதால் சான்று வேலை நிற்கவில்லை. காப்பீட்டுத் தொகை, கையில் பணம் வற்றிக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தது. இரண்டாவது விமானம் சோதனையைத் தொடர்ந்தது.

சான்று எப்போது கிடைத்தது? போட்டியில் யார் முந்தினார்கள்?

1964 ஜூலை 31. முதல் பறத்தலிலிருந்து பத்து மாதத்துக்குள். ஜெட் கமாண்டர் 1963 ஜனவரி 27 அன்றே பறந்திருந்தது, லியர்ஜெட்டைவிட எட்டு மாதம் முன்னால். ஆனால் அது சி.ஏ.ஆர். 4பி வழியில் போனதால் 1964 நவம்பரில்தான் சான்று வாங்கியது. எடை எல்லை பற்றிய முடிவு சரியாக எத்தனை மாதத்தை மிச்சப்படுத்தியது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடையாது.

முதல் லியர்ஜெட் 1964 அக்டோபர் 13 அன்று ஓஹையோ மாநிலம் சின்சினாட்டியில் உள்ள கெமிக்கல் அண்ட் இண்டஸ்ட்ரியல் கார்ப்பரேஷனிடம் ஒப்படைக்கப்பட்டது.

உள்ளே எவ்வளவு இடம் இருந்தது?

நிமிர்ந்து நிற்க முடியாது. கேபின் உயரம் சுமார் 1.3 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர் அளவு. இடப்பக்கக் கதவு மேல் பாதி மேலேயும் கீழ்ப் பாதி கீழேயும் சிப்பிபோலத் திறக்கும். கீழ்ப் பாதியே படி. குனிந்து ஏறி, இருக்கைக்கு நகர்ந்து உட்கார வேண்டும்.

உயரத்தைக் குறைத்தது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. உடலின் குறுக்களவு கூடக் கூட இழுவை கூடும், அதே வேகத்துக்குப் பெரிய எஞ்சின் தேவை, அதற்கு அதிக எரிபொருள், மறுபடி எடை. இரண்டு மணி நேரப் பயணத்தில் யாரும் நடமாட வேண்டியதில்லை என்பது லியரின் வாதம். வாங்கியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கேபினில் பாட்டு கேட்க அவர் ஊக்குவித்த 8-தட நாடாப்பெட்டி பிறகு அமெரிக்கக் கார்களில் பரவியது தனிக்கதை.

வால் உச்சியில் கிடைமட்ட இறக்கை வைத்ததில் ஆபத்து இல்லையா?

இருந்தது, வடிவமைத்தவர்களுக்கும் தெரியும். எஞ்சின் பின்புறம் இருப்பதால் அதன் வெப்பக் காற்றுக்கு மேலே வாலை உயர்த்த வேண்டும். ஆனால் 'டி' வடிவ வால் கொண்ட விமானம் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கி ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்தால், இறக்கையிலிருந்து வரும் கலங்கிய காற்று நேரே வாலை மூடிவிடும். மூக்கைத் தாழ்த்தும் ஒரே கருவி செயலிழக்கும். மீள வழியில்லை. லியர்ஜெட் முதலில் பறந்து சரியாகப் பதினைந்தாம் நாள், 1963 அக்டோபர் 22 அன்று, பிரிட்டனின் பிஏசி ஒன்-இலெவன் சோதனை விமானம் இப்படியே விழுந்து அதிலிருந்த அனைவரும் இறந்தார்கள்.

எனவே ஸ்டாலை நெருங்கவே விடாமல் தடுக்கும் ஏற்பாடு செய்தார்கள். காற்று மோதும் கோணத்தை அளக்கும் சிறு தகடுகள் மூக்கின் இருபுறமும் இருக்கும். கோணம் கூடினால் முதலில் கட்டுப்பாட்டுக் கம்பம் அதிரும். விமானி கேட்காவிட்டால் இயந்திரமே கம்பத்தை முன்னால் தள்ளும். இந்தத் தகடுகள் வளைந்தாலோ, சரியாக ஒத்தமைக்கப்படாவிட்டாலோ எச்சரிக்கை தாமதமாக வரும், அல்லது தேவையில்லாத நேரத்தில் தள்ளும். பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றி வரும்போது அவற்றைக் கையால் தொட்டுப் பார்ப்பது பழக்கமானது இதனால்தான்.

முனைத் தொட்டிகளால் ஓட்டுவதில் சிக்கல் உண்டா?

உண்டு. இரு பக்கமும் எரிபொருள் ஒரே சீராகக் குறைய வேண்டும். உடலின் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் எடை என்பதால் சிறு வித்தியாசமும் விமானத்தை ஒருபுறம் சாய்க்கும். தரையிறங்கும் மெதுவான வேகத்தில்தான் அது அதிகமாக உறைக்கும். இறக்கை முனைகள் கனமாக இருப்பதால் உருளத் தொடங்குவதும் மெதுவாக, உருளத் தொடங்கியபின் நிற்பதும் மெதுவாக இருக்கும். உயரத்தில் விமானம் இடம் வலமாக வாலை ஆட்டிக்கொண்டே போகும் பழக்கம் உடையது; அதை அடக்க யா டேம்பர் என்ற தானியங்கிக் கருவி, சுக்கானை இடைவிடாது திருத்தும்.

ஆரம்ப ஆண்டுகளில் அத்தனை விபத்துகள் ஏன்?

1965 அக்டோபரில் மிச்சிகன் மாநிலம் ஜாக்சன் அருகே ஒன்று, நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் அருகே இன்னொன்று. இரண்டிலும் ஒருவரும் பிழைக்கவில்லை. இரண்டும் இரவில் நடந்தவை. விமானம் நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்ற உணர்வை விமானிகள் இழந்ததே மையமான விஷயமாக விசாரணையில் நின்றது. ஜாக்சன் விபத்தில் மாறுமின் (ஏ.சி. மின்சார) அமைப்பின் கோளாறு பேசப்பட்டது. விமானத்தின் சாய்வைக் காட்டும் அன்றைய நிலைகாட்டிகள் அந்த மின்சாரத்தில் ஓடின. அது தடுமாறினால், வெளியே இருட்டு, உள்ளே பொய் சொல்லும் கருவி.

இதன் அடியில் இன்னொரு காரணம். வாங்கிய நிறுவனங்களின் விமானிகள் மணிக்கு 350 கி.மீ. போகும் பிஸ்டன் எஞ்சின் விமானங்களிலிருந்து நேராக இதற்கு வந்தவர்கள். பிஸ்டன் விமானத்தில் பத்து வினாடி கவனம் பிசகினால் திருத்திக்கொள்ளலாம். இங்கே அந்தப் பத்து வினாடியில் விமானம் ஆயிரம் அடிக்கு மேல் ஏறியிருக்கும், அல்லது இறங்கியிருக்கும். 40,000 அடியில் கேபின் அழுத்தம் போனால் நினைவோடு செயல்பட இருபது வினாடிகூடக் கிடைக்காது. ஆக்சிஜன் முகமூடியை முதலில் போட வேண்டும், மற்ற எதுவும் பிறகு.

மேலே போகும்போது இன்னொரு எல்லை: மாக் 0.82, அதாவது ஒலியின் வேகத்தில் 82 சதவீதம். அதைத் தாண்டினால் இறக்கையின் மேல் அதிர்வலை பின்னோக்கி நகர்ந்து மூக்கைக் கீழே இழுக்கும். மூக்கு தாழ்ந்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் மூக்கு இன்னும் தாழும். பின்வந்த 24, 25 மாதிரிகளிலும் இது உயிர்களைக் குடித்தது. வேக எல்லை எச்சரிக்கையை அணைக்கக் கள்ள சுவிட்ச் பொருத்திக்கொண்ட உரிமையாளர்களும் இருந்தார்கள்.

இறக்கையோ உடலோ பலவீனம் என்று சொல்ல முடியாது. சிறு விமானத்துக்கான விதி, சிறு விமானத்துக்கான மாற்று அமைப்புகளையே கேட்டது. விமானமோ போர் ஜெட்டின் குணம் கொண்டது. அந்த இடைவெளியைப் பயிற்சி நிரப்பியிருக்க வேண்டும், அது விற்பனையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

லியர்ஜெட் 24 எதில் மாறுபட்டது?

23 மொத்தம் 104 கட்டப்பட்டன. 1966-இல் அதன் இடத்தை 24 பிடித்தது. அதே இறக்கை, ஏறத்தாழ அதே உடல். ஆனால் எடை 12,500 பவுண்டு எல்லையைத் தாண்டியது, சான்று பயணிகள் விமான விதியின் கீழ் வாங்கப்பட்டது. பறவை மோதலைத் தாங்கும் தடித்த முன்கண்ணாடி, தீயணைப்பு ஏற்பாடுகள், கூடுதல் மாற்று அமைப்புகள் வந்தன. 23-இல் தவிர்த்த செலவுகளை, 23 சம்பாதித்த பணத்தில் 24-இல் செய்தார்கள். நீட்டிய உடலோடு 25-உம் அதே ஆண்டு ஆகஸ்டில் பறந்தது.

சொல்லத்தக்க சாதனைகள்?

1965 மே 21 அன்று ஏழு பேரோடு லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், திரும்ப லாஸ் ஏஞ்சலஸ்: 10 மணி 21 நிமிடம். அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று ஏழு பேரோடு 40,000 அடி உயரத்தை 7 நிமிடம் 21 வினாடியில் எட்டியது. 1966 மே மாதம் ஒரு 24, உலகைச் சுற்றி வந்தது. காற்றில் இருந்த நேரம் 50 மணி 20 நிமிடம். வாங்க நினைப்பவர்களுக்கான விளம்பரங்கள்தான் இவை, ஆனால் எண்கள் உண்மையானவை.

இவ்வளவு விற்றும் லியர் ஏன் நிறுவனத்தை இழந்தார்?

விபத்துச் செய்திகளும் 1966-இன் பொருளாதார இறுக்கமும் விற்பனையை முறித்தன. முடிந்த விமானங்கள் வாங்க ஆளின்றி நின்றன. அதே நேரத்தில் பணம் 24, 25, ஹெலிகாப்டர், நாடாப்பெட்டி என்று பல பக்கமும் போய்க்கொண்டிருந்தது. 1967-இல் டென்வரின் கேட்ஸ் ரப்பர் நிறுவனம் லியரின் பங்குகளை வாங்கியது. பெயர் கேட்ஸ் லியர்ஜெட் ஆனது. 1990-இல் கனடாவின் பம்பார்டியர் கைக்குப் போனது. கடைசி லியர்ஜெட் 2022 மார்ச்சில் விச்சிட்டாவிலிருந்து ஒப்படைக்கப்பட்டது.

இன்று ஒரு 23-ஐ வாங்கிப் பறக்க முடியுமா?

சட்டம் கழுத்தை நெரிக்கும். சத்த விதியின்படி 2015 டிசம்பர் 31-க்குப் பிறகு, சத்தம் குறைக்கும் உபகரணம் பொருத்தாத இந்த வகை ஜெட்கள் அமெரிக்கப் பெருநிலத்தில் பறக்கக் கூடாது. 2005 ஜனவரி முதல் 29,000 அடிக்கு மேல் விமானங்களுக்கு இடையே உயர இடைவெளி 1,000 அடியாகக் குறைந்ததால், துல்லியமான உயரமானிகள் வேண்டும். அவை இல்லாவிட்டால் 28,000 அடிக்குள் பறக்க வேண்டும். அங்கே சிஜே610-இன் பசிக்குத் தீனி போட்டு மாளாது. எஞ்சின் பழுதுபார்ப்பு ஒன்றுக்கு ஆகும் செலவு விமானத்தின் விலையையே தாண்டிவிடும். விசிறியுள்ள எஞ்சினோடு எழுபதுகளில் வந்த லியர்ஜெட் 35, இந்த இரண்டு குறைகளையும் தீர்த்து, 23-இன் வேலையை எப்போதோ எடுத்துக்கொண்டது.

பார்க்க விரும்புவோர் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் விமான-விண்வெளி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். முதல் விமானம் எரிந்தபின் சோதனையைத் தொடர்ந்த இரண்டாவது விமானம், என்802எல், அங்கே இருக்கிறது. அருகில் போய் இறக்கை முனைத் தொட்டியையும் இரண்டாகத் திறக்கும் கதவின் உயரத்தையும் கவனியுங்கள். பெரியவர் ஒருவர் உள்ளே போக எவ்வளவு குனிய வேண்டும் என்பது அப்போது புரியும்.